வுடுண்ணே

காலையில் எழுந்ததும் போனைப் பார்க்காதீர்கள் என்று என் வகுப்புக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். முதலில் முகம் கழுவுங்கள், ஒரு டீ குடியுங்கள், உலகம் எங்கேயும் ஓடிவிடாது. யாரும் கேட்பதில்லை. அம்புரோஸ் அண்ணன் மட்டும்தான் கேட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மாணவர். அதனால்தான் மேடம், இந்த வேலை எனக்கு இவ்வளவு சுலபமாக முடிந்தது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, அடக்கமும் முடிந்துவிட்டது. நானாகத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் ஹில்டா. ராயபுரத்தில், ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடைக்கு மேல் மாடியில் தியான வகுப்பு நடத்துகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, மூச்சு வெளியே போகும்போது மனசுக்குள் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நான் கற்றுக்கொண்ட அண்ணா நகர் சென்டரில் சமஸ்கிருதத்தில் ஒன்று கொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைச் சொன்னாலே சிரிப்பு வந்தது. அதனால் 'வுடு' என்று மாற்றினேன். கயிற்றை வுடு, சண்டையை வுடு, போனது போச்சு வுடு. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அதற்கப்புறம் எல்லோருக்கும் மூச்சு ஒழுங்காக வந்தது.

நான் தியானம் கற்றுக்கொள்ளப் போனதே தூக்கம் வராமல்தான். என் கணவர் சாவியோ திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தார். பெட்டி தூக்குகிற வண்டிக்கு பிரேக் சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அந்த வண்டியே அவர் மேல் ஏறியது. சாவியோ அன்றைக்குக் குடித்திருந்தான் என்று விசாரணையில் அந்த சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். சாவியோ குடித்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் அது தவக்காலம், மனுஷன் டீயைக்கூட விட்டிருந்தார். நஷ்டஈடு வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவருக்குக் குடிகாரன் என்று பெயர் வந்ததே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. கோயிலில் என்னைப் பார்த்ததும் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தப் பெயர் போக வேண்டும். நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அந்த சூப்பர்வைசர்தான் அம்புரோஸ் அண்ணன். பக்கத்துத் தெருக்காரர். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர். கல்லறையில் என் தோளைத் தட்டி, "அழுது இன்னா ஆவப்போது ஹில்டா? மனச அமைதியா வெச்சுக்கோ" என்றார்.

வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அவரே என் மாடிப்படி ஏறி வந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார். வந்த பணத்தை யாரோ சொன்னார்கள் என்று கிரிப்டோவில் போட்டிருக்கிறார். நாள் பூராவும் போனும் கையுமாக இருந்து, கண்ணெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"மனசு நிக்க மாட்டேங்குது ஹில்டா. கொஞ்சம் எறங்கினா கை ஒதறுது, வித்துட்றேன். வித்ததும் அது ஏறிக்கினு போவுது. ஒரே பேஜாராக் கீது."

"உக்காருங்கண்ணே" என்றேன்.

நல்லபடியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். அதில் நான் ஏமாற்றவில்லை. கை நடுங்குவது நின்றது. விலை இறங்கினாலும் கண்ணை மூடி உட்கார்ந்தார், பொறுத்திருந்து விற்றார், கொஞ்சம் லாபமும் பார்த்தார். சந்தோஷத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு முழு வஞ்சிரம் வாங்கி வந்து கொடுத்தார். குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அதைச் சாப்பிடும்போதுதான் தோன்றியது. யார்டில் பயப்படுகிற ஆள்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருவான் என்று சாவியோ சொல்வார். சங்கிலி லேசாகக் கிறீச்சிட்டாலும் அவன் தள்ளி நின்றுவிடுவானாம். இந்த மனுஷனையும் பயம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். கோபத்தில் நினைக்கவில்லை மேடம். கோபமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

இந்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிட வேண்டும் என்று ஆப்பில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். அதுவும் பயம்தானே அண்ணே என்றேன். எடுத்துவிட்டார். அடுத்த சரிவில் பாதிக்கு மேல் போனது. அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போனதை மீட்க வீட்டை அடமானம் வைத்து இன்னும் போடலாமா என்று கேட்டார். உங்க மனசு இன்னா சொல்லுது என்று திருப்பிக் கேட்டேன். அமைதியா கீது என்றார். அப்போ சரிதானே என்றேன். அவர் மனைவி ஜூடி என்னிடம் வந்து அழுதாள். அவளுக்காக வருத்தப்பட்டேன், அது நடிப்பில்லை.

அந்த வீட்டுப் பணமும் போனது. எனக்குப் பெரிய ஏமாற்றம். மனுஷன் தலையில் அடித்துக்கொள்வார், தெருவில் நின்று கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ டீ குடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இடது கை கனக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டார். என் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது, அதனால் அது என்னவென்று எனக்குத் தெரியும். உடம்பில் தங்கியிருந்த பழைய டென்ஷன் வெளியே வருகிறது, அதைத் தடுக்காமல் உட்கார்ந்து கவனியுங்கள் என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்றேனே.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். ஜூடி மகளைப் பார்க்க மீஞ்சூர் போயிருந்தாள். அவர் நாற்காலியில் இருந்தார், சட்டை முழுக்க நனைந்து, முகம் சாம்பல் பூத்திருந்தது.

"ஹில்டா, ஒரு மாதிரி கீது. ஆட்டோ கூப்டு."

"கண்ண மூடிக்கினு மூச்ச மட்டும் பாருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடினார். வுடு என்றேன். விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாவியோ குடிக்கல. ஓனர் சொன்னாரு, எழுதிக் குடுத்துட்டேன். வேலை பூடும்னு பயந்துட்டேன். ஃபாதராண்ட சொல்றேன், எங்க வேணா வந்து சொல்றேன். என்ன மன்னிச்சிரு ஹில்டா. ஆட்டோ கூப்டு."

இத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். போன் என் இன்னொரு கையில் இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு தெருமுனையில். அவர் பிழைத்தால் சாவியோவின் பெயர் பிழைக்கும், அதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும் என்பது எனக்கு அந்த நிமிஷம் தெளிவாகவே தெரிந்தது. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தேன்.

"வுடுண்ணே" என்றேன்.

மேடம், உங்களுக்கு எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. வகுப்பில் நான் சொல்வது வெறும் வுடு. மூச்சை விடு, அவ்வளவுதான். அவரிடம் தியானத்தில் ஒருநாளும் அதற்கு மேல் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட்ட வாய், தானாக அதையும் ஒட்டிவிட்டது. எங்கள் தெருவில் ஒருத்தர் மன்னிப்பு கேட்கும்போது வுடுண்ணே என்று சொன்னால், போகட்டும், நான் மறந்துவிட்டேன் என்று அர்த்தம்.

அவருக்கும் அந்த அர்த்தம்தான் போய்ச் சேர்ந்தது. முகம் சட்டென்று தெளிந்தது. என் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு மூச்சு விட்டார், அடுத்தது வரவில்லை. நன்றாக நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பாவமெல்லாம் கழுவின மாதிரி கீதே என்றார்கள். ஜூடி என்னைக் கட்டிக்கொண்டு, நீ பக்கத்தில் இருந்ததால்தான் நிம்மதியாகப் போனார் என்றாள். அன்றிலிருந்து என்னால் கண்ணை மூடி உட்கார முடியவில்லை.

ஆட்டோ கூப்பிடாததற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் கொடுங்கள், நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. அந்த 'ண்ணே'யை மட்டும் வாய் தவறி வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.