பிராக்கில் எழுந்து நின்ற கடை

பரமட்டாவில் ரயில் ஏறிய இரண்டு தாதிமார் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கழுத்தில் இன்னும் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது.

“பிராக் நகரத்துக்குச் சுற்றுலா போனபோது ஒரு பியர்க் கடையே எனக்காக எழும்பி நிண்டது,” என்றாள் மூத்தவள்.

“நீர் பியர் குடிக்கிறேல்லையே?”

“என்ரை மனுசன்தான் ஆசைப்பட்டார். பின்னேரத்திலை கைட் ஒருத்தர் ஒவ்வொரு பியர்க் கடையாய்க் கூட்டிக்கொண்டு போய், அந்த ஊர்ப் பியரும் சாப்பாடும் காட்டுவார். கைட் நல்ல வயசான ஆள். இறைச்சிக் குழம்போடை அவிச்ச மா உருண்டை வந்தது. அதின்ரை பெருமையைச் சொல்லிக்கொண்டே வாயிலை போட்டவர், தொண்டையிலை அடைச்சுப் போட்டுது. சத்தமே வரேல்லை. முகம் நீலமாய்ப் போச்சு.”

“ஐயோ!”

“எல்லாரும் கிளாசும் கையுமா விறைச்சுப் போய் நிக்கினம். நான் ஓடிப்போய்ப் பின்னாலை கட்டிப் பிடிச்சு வயித்தை அமத்தினனான். உருண்டை வெளியிலை வந்து விழுந்துது. முழுக் கடையும் எழும்பிக் கை தட்டிச்சுது.”

“கெட்டிக்காரி! அதோடை அண்டைக்குச் சுத்திக் காட்டுறது முடிஞ்சிருக்குமே?”

“எங்கை முடிஞ்சது! முகத்தைத் துடைச்சுப்போட்டு, ‘இனித்தான் நல்ல கடை வருது, வாங்கோ’ எண்டு முன்னுக்கு நடந்தார். அங்கையும் அதே மா உருண்டையைத்தான் கேட்டார். என்னைப் பக்கத்திலை இருத்தி வைச்சுக்கொண்டு, ஒண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடிச்சார்.”

ரயில் வென்ட்வேர்த்வில்லில் நின்றது. இளையவள் சிரிப்பும் கண்ணீருமாக எழுந்தாள்.

“அவரெல்லோ மனுசன்,” என்றாள்.