குண்டனுக்கு அஞ்சாவது வாய்

வெற்றிவேல்: ச்சே! துப்பிட்டான் சங்கரி... திரும்பவும் துப்பிட்டான்!

சிவசங்கரி: நல்லா துப்பட்டும். கம்ப்யூட்டர்ல இருக்கிற குண்டனுக்குப் போயி நட்டு, போல்ட்டு, டயருன்னு ஊட்டுனா?

வெற்றிவேல்: கேமே அதானே! கண்டதையும் ஊட்டணும். அஞ்சு வாய் முழுங்கிட்டான்னா ஜெயிச்சாச்சு. ஒரு மாசமா மூணாவதுலயே நிக்கிறேன்.

சிவசங்கரி: தட்டாஞ்சாவடி பட்டறையில பாக்குறதையே இங்கயும் ஊட்டுறீங்க. தள்ளுங்க, நான் ஊட்டுறேன்.

வெற்றிவேல்: மவுஸ தொட்டதே இல்ல, நீயா?

ஜானகிராமன்: அண்ணே, இந்த பிரவுசிங் சென்டர நான் தொறந்ததுலேர்ந்து ஒருத்தரும் அந்த குண்டன ஜெயிச்சதில்ல. உங்க ஒரு மணி நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு, சொல்லிட்டேன்.

சிவசங்கரி: பந்தயம் வெச்சுக்கலாமா? நான் ஜெயிச்சா, சொல்ற வேலைய ஏன் எதுக்குன்னு கேக்காம செய்யணும்.

வெற்றிவேல்: தோத்தா?

சிவசங்கரி: நீங்களே சொல்லுங்க.

வெற்றிவேல்: ஒரு மாசம் தெனம் மீன் கொழம்பு.

சிவசங்கரி: மீனா... வேற எதனா சொல்லுங்களேன்.

வெற்றிவேல்: ஏன்? மீனுன்னா உசுர வுடுவியே! ஒரு வாரமா மூக்க பொத்திக்கினு திரியிற?

சிவசங்கரி: வெயிலு... அதான். சரி, மீனுதானே. நகருங்க.

வெற்றிவேல்: மெதுவா... புடிச்சு இழு. என்னாது, செங்கல்லா?

சிவசங்கரி: முழுங்கிட்டான் பாருங்க!

வெற்றிவேல்: குருட்டாம்போக்கு.

சிவசங்கரி: ரெண்டாவது... சாம்பல்.

வெற்றிவேல்: சாம்பலா? அத எவனாவது... அட, முழுங்கிட்டான்!

ஜானகிராமன்: அண்ணி, நெசமாவே மொத தடவையா ஆடுறீங்க?

சிவசங்கரி: மூணாவது, மண்ணாங்கட்டி. மழ பேஞ்ச மாரி ஈரமா இருக்கு பாருங்க... வாசன கூட வருது.

வெற்றிவேல்: கம்ப்யூட்டர்லேர்ந்து வாசன வருதா?

சிவசங்கரி: எனக்கு வருது. ம்... முழுங்கிட்டான். நாலாவது, எலுமிச்சங்கா.

வெற்றிவேல்: ஐயோ, மூஞ்ச சுளிக்கிறான்... துப்பப் போறான்...

சிவசங்கரி: துப்ப மாட்டான். புளிப்பு ஏறுது, அவ்ளோதான். இருங்க... ஆங்!

வெற்றிவேல்: நாலு! ஏய் சங்கரி, நாலு!

ஜானகிராமன்: ரெண்டு நிமிஷந்தான் அண்ணி!

வெற்றிவேல்: கடைசிக்கு சோப்ப குடு. இல்ல, செருப்ப குடு!

சிவசங்கரி: கத்தாதீங்க. கல்யாணமாயி ஆறு வருஷமா ஊரு பேசுன பேச்சுக்கெல்லாம் தலைய குனிஞ்சுக்கினே இருந்துட்டேன். இன்னிக்கி ஒண்ணாச்சும் ஜெயிக்கணும்ங்க.

வெற்றிவேல்: ...சரி. உன் இஷ்டம். ஊட்டு.

சிவசங்கரி: சாக்பீஸு.

ஜானகிராமன்: சாக்பீஸா!

சிவசங்கரி: அத கடைசியாத்தான் திங்கணும். நறுக்குனு கடிச்சு... மெதுவா... ம்...

வெற்றிவேல்: மெல்லுறான்... மெல்லுறான்... முழுங்கிட்டான்! ஜெயிச்சுட்டடீ! ஜானகிராமா, பாத்தியா? எம் பொண்டாட்டி!

ஜானகிராமன்: ஆடுறாம்பா குண்டன்! அண்ணி, உங்க பேர செவுத்துல எழுதி ஒட்டப் போறேன்!

சிவசங்கரி: எழுது, பெருசா எழுது! ஏங்க, இப்ப பந்தயம். தெருக் கொழாயிலேர்ந்து தண்ணிக் கொடம் இனிமே நீங்கதான் தூக்கணும்.

வெற்றிவேல்: எத்தினி நாளைக்கி?

சிவசங்கரி: ஏழு மாசம்.

ஜானகிராமன்: ஒரு கேமுக்கு ஏழு மாசமா!

சிவசங்கரி: நேத்து ரேஷன் கடைக்குப் போறேன்னு சொன்னது பொய்ங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொடம் கிடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

வெற்றிவேல்: டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களா!

சிவசங்கரி: ஆமாங்க... அழுவுறீங்களா?

வெற்றிவேல்: அழுவல. என் சட்டப் பையில கைய வுடு.

சிவசங்கரி: என்னாது இது... சிலேட்டு பலப்பமா? ஒரு டப்பா பலப்பம்!

வெற்றிவேல்: அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சுத் தின்னியே, அது முந்தாநாளே தீந்துபோச்சு. நீயா சொல்லுவன்னுதான் ஒரு வாரமா வாய மூடிக்கினு இருக்கேன்.