என் போனுக்கு மட்டும் அப்டேட் வேண்டாமா?

— மறுபடியும் அதே பாட்டா? வேண்டாம்னு நேத்தே சொன்னேன்ல?

— நேத்து சார்ஜ் நிக்காதுன்னீங்க. முந்தாநாள் போன்ல இடம் பத்தாதுன்னீங்க. இன்னைக்கு என்ன சாக்குன்னு கேட்கலாம்னுதான்.

— அதாவது, உன் போன் பழசு. புது வெர்ஷன் போட்டா திணறும். பல் டாக்டர்கிட்ட வர்றவங்களுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கிற உனக்கு இது போதும்.

— அடேயப்பா, ரிசப்ஷன்காரின்னா அவ்வளவு இளக்காரமா? உங்க அம்மா போனும் இதேதான். ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து அவங்களுக்குப் போட்டுக் குடுத்தீங்களே!

— அம்மா அதுல பேசறதோட சரி.

— நான் மட்டும் என்ன, ராக்கெட்டா விடறேன்?

— கேரட் நறுக்கறப்ப பேசாதே, விரல் போயிடும்.

— பேச்சை மாத்தாதீங்க. ஆபீஸ்ல நூத்திருபது பேருக்கும் அப்டேட் போடு போடுன்னு மெயில் அனுப்பி உயிரை எடுக்கறவர், பொண்டாட்டின்னா மட்டும் பதுங்கறீங்க. எங்க நர்ஸ் போட்டுட்டா. நல்லாத்தான் இருக்காம்.

— என்ன பெரிசா நல்லா இருக்காம்?

— எந்த ஆப் நமக்குத் தெரியாம நாம எங்க போறோம்னு பார்க்குதோ, அதைப் பேரோட காட்டிக் குடுத்துடுதாம்.

— கத்தியைக் கீழ வை. ஒண்ணு சொல்லணும்.

— வச்சுட்டேன், சொல்லுங்க.

— உன் போன்ல அப்படி ஒண்ணு இருக்கு. நான்தான் போட்டேன். நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்.

— எப்ப இருந்து?

— வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரம், ஒருநாள் அரை மணி நேரம் லேட்டா வந்தியே. அன்னையில இருந்து.

— பஸ் வரலைன்னு சொன்னேனே.

— சொன்னே. நான்தான் நம்பல.

— ஒன்றரை வருஷம்! என்ன கண்டுபிடிச்சீங்க?

— கிளினிக், பஸ் ஸ்டாப், வீடு. அவ்வளவுதான். ஒருநாள் வழியில எங்கயோ இருபது நிமிஷம் நின்னே. மீட்டிங்ல உட்கார்ந்திருக்கேன், சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தா, என் தலைவலிக்கு மாத்திரை வாங்கி வச்சிருக்கே. உன் முகத்தைப் பார்க்க முடியாம குளிக்கப் போயிட்டேன்.

— சரி, அன்னைக்காவது அதை எடுத்திருக்கலாம்ல?

— எடுக்கலையே! மறுநாளும் பார்த்தேன். அதுதான் ரொம்பக் கூசுது. அப்டேட் போட்டா மாட்டிப்பேன்னு சார்ஜு, இடம்னு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஏதாவது திட்டேன்.

— திட்டற தெம்பு இல்லைங்க.

— போனைக் குடு. அந்தச் சனியனை எடுத்துட்டு, புது வெர்ஷனை நானே போட்டுத் தர்றேன். எங்க போனேன்னு இனிமே ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

— போன மாசமே நர்ஸ் என் போன்லயும் போட்டுக் குடுத்துட்டா. அன்னைக்கே அது உங்க வேலையைக் காட்டிக் குடுத்துடுச்சு. நீங்களா சொல்லிடுவீங்கன்னுதான் இருபத்தாறு நாளா தினமும் கேட்டுட்டிருந்தேன். நாளைக்குக் காலையில அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்.