இளம்பனை உத்திரம்

வாடகைக்கு விட வீடு வாங்குகிறவன் சுவரைப் பார்க்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும். நான் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து ஏமாந்தவன். ரங்கூனில் குண்டு விழுந்து ஊர் திரும்பியதும், கொண்டுவந்ததையெல்லாம் அறந்தாங்கியில் நான்கு ஓட்டு வீடுகளில் போட்டேன். நான்கும் ஒரே வரிசை.

வாங்கிய பிறகுதான் முனியசாமி ஆசாரியைக் கூட்டிவந்தேன். அவர் உத்திரத்தில் உளியால் குத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"வைரம் பாயாத எளம்பனைங்க. நாலு வீட்டுக்கும் ஒரே தோப்பு மரந்தான். மழைக்கு முந்தி மாத்திப்புடுங்க. உள்ள இருக்கறது உசுருங்க."

ஆசாரிக்கென்ன, சொல்லிவிடுவார். நல்ல மரமெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. கிடைப்பது யானை விலை. இன்னும் பத்து வருஷம் நிற்கக்கூடிய உத்திரத்தைப் பிடுங்கிப் போட்டால் என்னைவிட மடையன் உண்டா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மூன்று வீடுகளில் முட்டுக் கொடுத்தேன். கடைசி வீட்டில் கொடுக்கவில்லை. அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து மற்றதை முடிவு செய்யலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி வீட்டில் சந்தனசாமி குடியிருந்தான். கடைவீதியில் தையல்காரன். பெண்டாட்டி அந்தோணிமேரி, கைக்குழந்தை ஒன்று. தங்கமான பிள்ளைகள். பொய் சொல்லவில்லை, எனக்கு அவர்கள்மேல் பிரியம் இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் போய்ப் பார்த்தேன். அந்தோணிமேரி மோர் கொடுத்தாள். நான் மோரைக் குடித்துக்கொண்டே மேலே பார்த்தேன்.

"ஐயா, மேலேருந்து மாவாட்டம் கொட்டுதுங்க. புள்ள கண்ணுல விழுது. எங்கண்ணன் அவுக ஊரு ஆவூருக்கே வந்துருங்கிறாக."

"எலி ஓடும், ஆத்தா. ஓட்டு வீடுன்னா அப்புடித்தான். நான் இருக்கையில ஒனக்கென்ன பயம்?"

அவள் சிரித்துவிட்டாள். பெற்ற அப்பன் சொன்னதுபோல நம்பினாள். எனக்குக்கூட மனசு குளிர்ந்தது.

குழந்தையின் தூளியை உத்திரத்தில்தான் கட்டியிருந்தாள். அன்று அதை அவிழ்த்து அடுப்படிப் பக்கம் மாற்றப் போனாள். அங்கே புகையடிக்கும், இங்கேதான் காற்று வரும், இருக்கட்டும் என்றேன். வெறும் ஓட்டைத் தாங்குவதை வைத்து உத்திரத்தை எடைபோட முடியாது. தூளி ஆட ஆட அதன் மேல் பாரம் விழும். பிள்ளையும் வளர்கிற பிள்ளை. மற்ற மூன்று வீடுகளில் உத்திரத்தில் தூளி கட்டவே கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

அடைமழையில், பட்டப்பகலில் கூரை இறங்கியது. தாய் தூளியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஓட்டுக் குவியலுக்குள்ளிருந்து எடுத்தோம். நானும் கைகொடுத்தேன்.

சந்தனசாமி என் தோளில் விழுந்து அழுதான். "நீங்க சொன்னீங்கன்னுதானய்யா இருந்தோம்" என்றான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பாவம். ஆறுதலுக்குச் சொன்னான். ஆசாரிதான் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ஆமாம், எனக்குத் தெரியும். விழும் என்று தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர்களை அங்கே இருத்தினேன். மறுநாளே விலையைப் பார்க்காமல் மற்ற மூன்று வீடுகளுக்கும் தேக்கு உத்திரம் போட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். கையோடு அந்த மூன்று குடும்பத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர்களைக் காப்பாற்றியவன் நான்.