வேகம் குறைக்காத இதயம்

எலியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குபவர்களை எனக்குப் பிடிக்காது. உள்ளங்கையில் வாங்கி உடம்போடு அணைத்துக்கொண்டால் அது தானாக அடங்கிவிடும். ஆய்வகத்துக்கு வருகிற மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தே என் பாதி ஆயுள் போயிற்று. இந்த அறையில் இருக்கும் உங்கள் மூவருக்கும் அது வராது. லத்தி பிடித்த கைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

பரவாயில்லை, உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால் கழுத்து நாளத்தில் இருக்கும் நரம்புகள் அதை உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கும். மூளை உடனே இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்லும். யாரும் யோசித்துச் செய்வதல்ல, அனிச்சையாக நடப்பது. பெண் எலிகளின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் இந்த அனிச்சை மந்தமாகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் மீண்டு வருகிறது. பல ஆண்டுகளாக இதைத்தான் காட்டி வந்தேன்.

எங்கள் துறையில் ஒருத்தி இருக்கிறாள். என் மாணவியாக இருந்தவள்தான். மனதுக்குள் கண்ணாடிக்காரி என்று அழைப்பேன். மூக்கில் நிற்காத கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டபடியே பேசுவாள். துறைக் கூட்டத்தில் என் ஆய்வு வரைபடங்களைப் பார்த்துவிட்டு, "எலிக்குச் சரி சார். மனுஷங்களுக்கும் இப்படித்தான்னு கட்டுரையோட கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்ன ஆதாரம்?" என்றாள். துறைத்தலைவர் தலையாட்டினார். அவருக்கும் மேஜை விசிறிக்கும் ஒரே வித்தியாசம்தான்: விசிறியிலிருந்து கொஞ்சம் காற்றாவது வரும்.

அந்த மாதம்தான் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றில் கட்டி. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு, ஹார்மோன் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். நான் இதைத் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவாக என் வீட்டுக்குள் நடந்து வந்தது.

அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவள். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை நிமிடம் தாமதம். வீட்டிலும் அதே பேச்சுதான். சாப்பாடு ரெடி, வெந்நீர் ரெடி, குடை கதவோரம் இருக்கிறது. மூளைக்கு வேலை வைக்காத பிழைப்பு. ஆனால் நல்ல உடம்பு, சீரான பழக்கவழக்கம். ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்?

மாத்திரைகளை நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தாண்டா மாமா என்னைக் கவனிக்கிறாரு" என்று தன் தம்பியிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

முதலில் உண்மையான மாத்திரையே கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சோபாவில் படுக்கவைத்து, நாடித்துடிப்பைப் பதியும் பட்டையை மார்பிலும் அழுத்தமானியைக் கையிலும் கட்டுவேன். சத்து ஊசி என்று சொல்லி, சற்று நேரத்துக்கு அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்துவேன். இதயம் அழகாக வேகம் குறைத்தது. பிறகு மாத்திரையை மாற்றினேன். அதே நிறம், அதே வடிவம். உள்ளே வெறும் மாவு.

எலிகள் குறை சொல்வதில்லை. இவள் சொன்னாள். "என்னங்க, உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது. தூக்கமே வரல. மாத்திரையை மாத்தணுமோ?"

"மாத்தியாச்சு" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஒருநாள் ஒலிபெருக்கி முன்னாலேயே பேச்சு வராமல் அழுதிருக்கிறாள். ஊரே கேட்டிருக்கிறது. தம்பி ஓடி வந்தான். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். "மாமா, அக்காவை வேற பெரிய டாக்டர் யார்கிட்டயாவது காட்டலாமா?" என்றான். "நான் இருக்கேன்ல" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவதில் ஒரு பெருமையும் இல்லை.

அனிச்சை மந்தமாகத்தான் ஆகியிருந்தது. ஆனாலும் வித்தியாசம் போதவில்லை. தற்செயலாக இருக்கலாமே சார் என்பாள் அந்தக் கண்ணாடிக்காரி. அதனால் கடைசி ஞாயிறன்று மருந்தின் அளவைக் கூட்டினேன். அழுத்தம் ஏறியது. இதயம் வேகம் குறைக்கவில்லை. அப்படியொரு சுத்தமான கோட்டை நான் எந்த எலியிடமும் பார்த்ததில்லை.

"தலை பிளக்குதுங்க" என்றாள்.

"அசையாம இரு" என்றேன். அசைந்தால் பதிவு கெட்டுவிடும். அவள் அசையாமல்தான் இருந்தாள். சொன்னதைக் கேட்டே பழகியவள். பிறகு வாய் கோணியது. என்னைப் பார்த்து ஒரு கையை மட்டும் நீட்டினாள். ஆம்புலன்ஸை அழைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறாராம். சரிதான். தொலைபேசி என் பக்கத்திலேயே இருந்தது. எழுந்துபோயிருந்தால் பதிவு பாதியில் நின்றிருக்கும். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தைக்காக நான் சண்டை போடப் போவதில்லை.

மூளையில் ரத்தக்கசிவு, அவள் விதி என்று எல்லோரும் அழுதுவிட்டுப் போனார்கள். அடுத்த துறைக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை. மேஜை விசிறி வழக்கம்போல் ஆடியது. கண்ணாடிக்காரி மட்டும் திரையின் ஓரத்தில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேதியில் என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவள் அவள். "இது யாரோட இதயம் சார்?" என்றாள். குரல் நடுங்கியது. ஆராய்ச்சி செய்பவளுக்கு அது அழகல்ல. தேதியை அழிக்காமல் விட்டது என் கவனக்குறைவு. என் தரப்பில் நடந்த பிழை அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாக எதையாவது கண்டுபிடித்துக் கூத்தாட வேண்டாம். ஆணின் இதயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அன்று என் மார்பிலும் ஒரு பட்டையைக் கட்டியிருந்தேன். ஊசி எதுவும் போட்டுக்கொள்ளவில்லை, வெறும் துடிப்பு மட்டும். நீங்கள் எடுத்துப்போன கணினியில் அந்தக் கோடும் இருக்கும். அவள் கையை நீட்டிய இடத்தில் அது தாறுமாறாக எகிறி, வெகுநேரம் இறங்காமலே நிற்கும். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

பட்டை தளர்ந்திருந்தது.