காத்தோட்டமான ரூம்பு

சாணார்பட்டி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற ஆள் நான். அன்று அவர்கள் பேச்சு விடவில்லை. அடம்பிடித்து ஜன்னலோரத்தை வாங்கிக்கொண்ட இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்க வீட்ல வெங்காயம் நல்லாத் தூங்குது மதினி.”

“என்னடி சொல்ற?”

“அவருக்கு ரொம்ப நாளாத் தூக்கமே இல்லீல. படுக்குற ரூம்புக்குள்ள நல்ல காத்து வரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சுவத்த இடிச்சு எதிரெதிரா ஜன்னல் வச்சோம். உள்காத்த வெளிய தள்ளுற ஃபேனும் மாட்டுனோம்.”

“நல்லதுதான?”

“வேலை முடிஞ்சதும் உள்ள போயி நின்னு பாத்தாரு. ‘ஆத்தாடி, என்னா காத்து! சின்ன வெங்காயத்த இங்கன பரப்புனா ஒண்ணுகூட அழுகாது’ன்னாரு. பொழுது சாயுறதுக்குள்ள கட்டில வெளிய தூக்கிப் போட்டுட்டு, அம்புட்டு மூட்டையையும் அவுத்துக் கொட்டிட்டாரு.”

“அப்ப நீங்க எங்க படுக்குறீக?”

“முன்னாடி வெங்காயம் கெடந்த ரூம்புலதேன். அதுக்கு ஜன்னலே கெடையாது. சுவரெல்லாம் வெங்காய நாத்தம்.”

“அய்யோ, அண்ணன் பாடு?”

“ஒரே கொறட்டை! வெங்காயம் அழுகிப்போயிருமேங்கிற கவலையிலதேன் இம்புட்டு நாளும் முழிச்சுக் கெடந்திருக்காரு.”

மதினி சிரித்து அடங்கச் செத்த நேரம் ஆனது.

“சரி, நீ தூங்குறியா?”

முகத்தில் காற்று அடிக்க, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி அவள் தூங்கிப்போயிருந்தாள்.