செவலை விட்டால்தான் கடல்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். குடும்பத்தோடு ராமேஸ்வரம் போக ரயில் டிக்கெட் எடுக்கப் போகிறார்களாம்.

"எங்கம்மாவுல இருந்து உங்கொழந்தை வரைக்கும் எல்லாரும் போயிட்டு வாங்க. செவலை உட்டாத்தான் நான் கடலைப் பாக்க முடியும்," என்றார் மாமியார்.

"மாட்டைக் கேட்டா டூர் போவாங்க, அத்தை?"

"என்னைத் தவிர வேற யாரு மடியில கை வெச்சாலும் ஒதைக்குதே!"

அப்போது மருமகளின் கணவர் போனில் கூப்பிட்டார். கேட்டதும் அவள் துள்ளினாள்.

"அத்தை! உங்க கொழுந்தனாரு உங்க பச்சைச் சேலையைச் சுத்திக்கிட்டுப் போயி பால் கறந்துட்டாருங்க! சேலை வாசனைக்கு அசையாம நின்னுச்சாம். வீடியோ பாருங்க!"

மாமியார் பார்த்தார். "அட கழுதை! மீசையைக்கூடப் பாக்கலையே!"

"நாம வர்ற வரைக்கும் அவரே கறக்கறாராம். உங்களுக்கும் டிக்கெட் எடுத்துரட்டுங்களா?"

"கேக்கறா பாரு! எம்பேரை மொதல்ல போடச் சொல்லு. கடல் தெரியற பக்கமா ஜன்னல் சீட்டு கேளு."

சித்திரை மாதம் பன்னிரண்டாம் தேதிதான் இதை எழுதி முடித்தேன்.